பழைய சைஃபரில் தட்டியவர்

பூட்டக்கா எங்கே என்று கேட்டால்தான் அந்த அலுவலகத்தில் வழி காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஐம்பதைத் தாண்டியவள். மேசை இழுப்பறைக்குப் பூட்டு, சாப்பாட்டுப் பைக்குப் பூட்டு, குடைக்குக்கூட ஒரு சின்னச் சங்கிலிப் பூட்டு. "இந்தக் கிழிஞ்ச குடையை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்க்கா?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார். "தூக்கிட்டுப் போறவன் உங்ககிட்ட சொல்லிட்டா போவான்?" என்பாள். வாய்க்கு மட்டும் பூட்டுப் போடவில்லை.

தனியாக இருக்கும் வயதானவர்களின் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிடும் கம்பெனி அது. விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ பொத்தானை அமுக்க வேண்டும். கூடத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டி விழித்துக்கொண்டு, வீட்டு இணைய இணைப்பு வழியாகக் கம்பெனிக்குச் சேதி சொல்லும். அங்கே முறை வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் உடனே பேசுவார்கள். பதில் வராவிட்டால் ஆம்புலன்ஸ் போகும். இவ்வளவுதான் தொழில். இதில் பூட்டக்காவின் பங்கு, அந்தச் சேதி போகிற வழியில் வேறு எவனும் காதை வைக்காமல் பார்த்துக்கொள்வது.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. இரண்டு கருவிகள் ரகசியம் பேசுவதற்கு முன்னால் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்ளும். எனக்கு இன்னின்ன பூட்டு முறைகள் தெரியும், உனக்கு எது தெரியும் என்று கேட்கும். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று அகப்பட்டால் அதை வைத்துப் பேச்சு நடக்கும். ஒன்றுமே ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சே கிடையாது, நீ யாரோ நான் யாரோ. தட்டுகிறவன் தன் பெயரைச் சொல்வதுகூடப் பூட்டு அமைந்த பிறகுதான். அந்தப் பூட்டு முறைக்குத்தான் சைஃபர் என்று பெயர்.

சைஃபர்களுக்கும் வயதாகும். கம்பெனி தொடங்கிய காலத்தில் வாங்கிய பெட்டிகளுக்கு ஒரே ஒரு சைஃபர்தான் தெரியும். அது அந்த நாளில் நல்ல பூட்டு. யாரும் குறை சொன்னதில்லை. பிறகு கணினிகளின் வேகம் கூடியது, மூளைக்காரர்களின் எண்ணிக்கையும் கூடியது. நடுவில் உட்கார்ந்து போதிய அளவு ஒட்டுக்கேட்டால் பூட்டைப் பிரித்துவிடலாம் என்று ஆகிவிட்டது. கொடுமை அதோடு முடியவில்லை. கம்பெனி ஏதோ நாலு பழைய பெட்டிக்காக அந்தச் சைஃபரை ஏற்றுக்கொண்டிருக்கிற வரைக்கும், நடுவில் இருக்கிறவன் புதுப் பெட்டிகளையும் ஏமாற்றிப் பழைய பூட்டுக்கே இறக்கிவிட வாய்ப்பு இருந்தது. பின்கட்டில் ஓர் ஓட்டைக் கதவு இருந்தால் முன்வாசலில் இரும்புக் கதவு போட்டு என்ன பயன்?

இதே தொழில் செய்யும் வேறொரு ஊர்க் கம்பெனியில் அப்படித்தான் ஆனது. ஒரு கிழவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். ஆம்புலன்ஸ் வந்து அவளைக் கொண்டுபோனது. சேதியை ஒட்டுக்கேட்டவர்கள் அடுத்த வண்டியில் வந்து வீட்டைத் துடைத்து வைத்தாற்போல் காலி செய்துவிட்டார்கள். ஒரு வீடு இல்லை, பல வீடு. உயிருக்குப் போராடப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தால் படுக்க மெத்தை இல்லை. என்ன ஜென்மங்களோ! அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து பூட்டக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மேலாளரிடம் போனாள். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'பார்க்கலாம்'. கூரை ஒழுகுகிறது என்றாலும் பார்க்கலாம், கல்யாணத்துக்கு வாருங்கள் என்றாலும் பார்க்கலாம்.

"சார், பழைய சைஃபரை மூடணும்."

"பார்க்கலாம்மா."

"இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த ஊர்க் கம்பெனிக்காரன் நடுத்தெருவுல நிக்கறான். பழைய பெட்டிக்குப் புது சைஃபர் சொல்லிக் கொடுக்க மென்பொருள் ரெடியா இருக்கு. வீட்டுக்காரங்க ஒரு தடவை பொத்தானை அமுக்கினா போதும், பெட்டி நம்மகிட்ட வந்து பேசும், அப்பவே அதுவும் ஏறிடும். எல்லாரையும் கூப்பிட்டு அமுக்கச் சொல்லிட்டு மூடிடலாம்."

அவர் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள், "பார்க்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். அவர் சொல்ல வேறு வார்த்தை கிடைக்காமல் தலையை ஆட்டிவிட்டார்.

பழைய பெட்டி சுத்தச் சோம்பேறி. புதுப் பெட்டி அவ்வப்போது தானாகவே 'நான் இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். பழையதோ அமுக்கினால்தான் கண் விழிக்கும், மற்ற நேரமெல்லாம் தூக்கம். அதனால் கால் சென்டர் பெண்கள் பழைய பெட்டி வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். "இப்ப அமுக்குங்க தாத்தா" என்பார்கள். திரையில் சேதி வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வீடு. அமுக்கிவிட்டேன் என்ற வாய்ச்சொல்லை நம்பக் கூடாது என்று அவர்களுக்கு அடித்துச் சொல்லியிருந்தவள் பூட்டக்காதான்.

ஒரே ஒரு வீட்டை மட்டும் அவர்கள் கூப்பிடவில்லை. "அது எங்க அண்ணன் வீடு. நான் பார்த்துக்கறேன்" என்று அவளே சொல்லியிருந்தாள்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போனபோது அவருக்கு மீசை அரும்புகிற வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லிப்ட் கம்பெனியில் சேர்ந்து, கை நகத்தில் போகாத கிரீஸோடு தங்கையைப் படிக்க வைத்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் தொலைதூரத்தில் வேலைக்குப் போய்விட்டாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில், சுவரில் அளவு வாரியாக மாட்டிய ஸ்பேனர்களோடு அவர் தனியாக இருந்தார். அந்தக் கட்டடத்து லிப்ட் மாதத்தில் பாதி நாள் நின்றுவிடும். ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா இருக்கக் கூடாதா? டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பொத்தான் வேண்டவே வேண்டாம் என்று குதித்தார். "நான் என்ன கைக்குழந்தையா பாப்பா, கழுத்துல மணி கட்டறதுக்கு?" தங்கைக்கு எத்தனை வயதானாலும் அவருக்குப் பாப்பாதான். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள், அதற்குத்தான் மசிந்தார். கம்பெனிக்குள் மிச்சமிருந்த பழைய பெட்டி ஒன்றை அவளே கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினாள்.

"நீளமா ஒரு பீப் வந்தா, சேதி எங்ககிட்ட சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு வந்தா உன் வீட்டு நெட் வேலை செய்யல."

"மூணு வந்தா?"

"மூணு வராது."

"வந்தா?"

"வந்தா, நாங்க உன்னை உள்ள விட மாட்டேங்கறோம்னு அர்த்தம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "உன்னை விடாம இருப்பேனா நான்? போண்ணா!"

வாரம் ஒரு முறை சோதனைக்காக அமுக்கிப் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணன் முகத்தைச் சுளித்தார். லிப்டில் அலாரம் பொத்தான் ஒன்று உண்டே, அதைச் சும்மா சும்மா அமுக்குகிறவர்கள்தான் அவருடைய வாழ்நாள் எதிரிகள். ஒருமுறை ஒரு துணிக்கடையில் விடலைகள் விளையாட்டுக்கு அமுக்கி வைக்க, இவர் மூச்சு வாங்க அங்கே ஓடினார். அதே நேரம் நாலு தெரு தள்ளி ஓர் ஆஸ்பத்திரி லிப்டில் பிரசவ வலி எடுத்த பெண் ஒருத்தி இருட்டில் மாட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள். பெண் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார். "அந்தப் பக்கம் ஒரு பொண்ணு உட்கார்ந்திருப்பா பாப்பா. அவளைச் சும்மா கூப்பிடலாமா?" என்றார். "சோதனைக்குத்தான்னு அவளுக்குத் தெரியும்ணா" என்று இவள் அதட்டினாள். சரி சரி என்றார். தங்கை அதட்டினால் சரி சரி என்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

பழைய சைஃபரை மூடும் பேச்சு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டாள். "வாராவாரம் அமுக்கறியா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம அமுக்கறேன்."

"சத்தியமா?"

"அட, சத்தம் வேணும்னா போட்டுக் காட்டவா? பீ...ப்புன்னு நீளமா ஒண்ணு. போதுமா?" தொண்டையை இழுத்து அவர் போட்ட அந்தச் சத்தத்தில் இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேலை நேரத்தில் அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை அவள். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அமுக்கியதில்லை. ஒரே ஒரு தடவை அமுக்கியிருந்தால்கூட அந்தப் பெட்டி புது சைஃபரைக் கற்றுக்கொண்டிருக்கும். முகம் தெரியாத எவளோ ஒருத்தியை வீணாகப் பதறவைக்கக் கூடாது என்று நினைத்தார், தங்கையும் கவலைப்படக் கூடாது என்று நினைத்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பொய் சொன்னார்.

இவளாவது ஒரு தரம் திரையில் அண்ணனுடைய பெட்டியைத் தேடிப் பார்த்திருக்கலாம். ஒரு பார்வை போதும். கண்ணில் பட்டவனையெல்லாம் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கிய பெண், அன்றைக்குப் பார்த்து நம்பினாள். நம்பியது அண்ணனை. அதற்காக அவளை எப்படித் திட்டுவது?

ஒரு மாதம் கவனித்தார்கள். பழைய சைஃபரில் ஒரு பெட்டியும் வரவில்லை. எல்லாப் பெட்டியும் புதுப் பூட்டுக்கு மாறிவிட்டது என்றுதானே அர்த்தம்? அண்ணனோ வாராவாரம் அமுக்குகிறார், பழைய சைஃபரிலோ ஒருத்தரும் இல்லை. ஆகவே அண்ணனுடைய பெட்டியும் மாறிவிட்டது. கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்! அமுக்காதவனும் வரவில்லை, மாறியவனும் வரவில்லை. வெறும் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட மாற்றங்களை மற்ற இடங்களில் ஊர் அடங்கிய பிறகு செய்வார்கள். பூட்டக்காவுக்கு அது பிடிக்காது. "பட்டப்பகல்ல செய்யணும். எதாவது உடைஞ்சா ஜனங்க உடனே கூப்பிட்டுத் திட்டுவாங்க, சரி பண்ணிடலாம்" என்பாள். அன்றும் காலை டீ குடித்து முடித்துவிட்டு, கணினி அமைப்பில் ஒரு வரியை அழித்துச் சேமித்தாள். அவ்வளவுதான் வேலை. பழைய சைஃபர் போயே போயிற்று. கால் சென்டரை எட்டிப் பார்த்தாள். ஒரு புகாரும் இல்லை. "யாரும் திட்டல. நல்லபடியா முடிஞ்சுது" என்று மேலாளரிடம் சொன்னாள். பார்க்கலாம் சார் தன் கையாலேயே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தபோது திரையில் மறுக்கப்பட்ட இணைப்புகள் வர ஆரம்பித்தன. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கண்ட கண்ட திருட்டுப் பயல்களின் நிரல்கள் உலகம் பூராவும் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும், எங்காவது பழைய பூட்டு இருக்காதா என்று. ஆனால் இது ஒரே இடத்திலிருந்து வந்தது. பழைய சைஃபரை நீட்டும், மறுப்பு வாங்கும், கொஞ்சம் விட்டு மறுபடியும் நீட்டும். முன்னே சொன்னேனே, தட்டுகிறவனுக்கு அந்த நிலையில் பெயர் கிடையாது. எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறான் என்று காட்டும் வெறும் எண்கள்தான்.

"பாருங்க, எவனோ விடாக்கண்டன்" என்றாள் பக்கத்து மேசைக்காரரிடம். "நேத்து வந்திருந்தா உள்ள விட்டிருப்போம்."

"அந்த முகவரியைத் தடுத்துடலாமாக்கா?"

"எதுக்கு? அவன் விடாக்கண்டன்னா நாம கொடாக்கண்டன். தட்டட்டும். தட்டித் தட்டிக் கை வலிச்சா தானா போயிடுவான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெயில் இறங்கும் நேரத்தில் அது நின்றது. "போயிட்டான் பார்த்தீங்களா" என்றாள்.

அண்ணனுடைய எதிர் வீட்டுத் தையல்காரம்மா போன் செய்தது அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து. கட்டடத்து லிப்ட் நின்றுவிட்டதாம், அண்ணனைக் கூப்பிடப் போயிருக்கிறார்கள், கதவைத் தட்டியும் திறக்கவில்லையாம். மாற்றுச் சாவி அந்தம்மாவிடம் இருந்தது. குளியலறை வாசலில் சுவரோரமாகக் கிடந்தார். போன் படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. உயிர் இருந்தது, நினைவு இல்லை. லிப்ட் இல்லாததால் மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

இவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கும் அவர் போவதற்கும் சரியாக இருந்தது. முகத்தைக்கூட முழுசாகப் பார்க்கவிடவில்லை. டாக்டர் வெளியே வந்து, "ஹார்ட் அட்டாக்மா. மதியமே ஆரம்பிச்சிருக்கும். அப்பவே கொண்டு வந்திருந்தா கண்டிப்பா காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

முதலில் அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். கழுத்தில் கயிறோடு பொத்தான் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. "கழுத்துலயே இருக்கே, அமுக்க உனக்கு என்ன கேடு? வீம்பு! சாகும்போதுகூட வீம்பு!" என்று அண்ணனுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். நர்ஸ் வந்து அவளை விலக்க வேண்டியிருந்தது. பிறகுதான் அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

மகள் வந்தாள். காரியங்கள் முடிந்தன. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பிடிவாதக்காரர், அமுக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கோபித்துக்கொள்ள யாராவது ஒருவர் வேண்டும். செத்தவர் அதற்குத் தோதாக இருந்தார்.

அண்ணன் மகள் ஏதோ அலுவலகத்துக்குப் போயிருந்த ஒரு காலையில், பூட்டக்கா வீட்டைப் பெருக்கிவிட்டுப் படிக்கட்டருகே வந்து நின்றாள். எதிர் வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றது. தையல்காரம்மா கையில் நூல் கண்டோடு வெளியே வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்க்கா. உங்க அண்ணன் வீட்டுல புதுசா அலாரம் எதாவது வாங்கினாரா?"

"இல்லையே. ஏன்?"

"அன்னைக்கு மதியம் பூரா ஒரு சத்தம். கடிகாரமோ என்னமோன்னு நெனச்சேன். மிஷினை நிறுத்தினா கேக்கும். பீப் பீப் பீப்னு மூணு. கொஞ்சம் நிக்கும். மறுபடியும் மூணு. இந்த மனுஷன் இதை நிறுத்த மாட்டாரான்னு எரிச்சலாக்கூட இருந்துது, பாவி நான்."

பூட்டக்கா அவள் பக்கம் நெருங்கி வந்தாள். "அதுக்கு முன்னால இந்தச் சத்தம் கேட்டிருக்கீங்களா? ஞாயித்துக்கிழமையில? நீளமா ஒண்ணு?"

"ஒரு நாளும் கேட்டதில்லையே. எதிர் வீட்டுல அவர் தும்மினாக்கூட எனக்குக் கேக்கும்."

உள்ளே போனாள். ஆணியில் தொங்கிய பொத்தானை எடுத்தாள். அழுத்தினாள். கூடத்து வெள்ளைப் பெட்டி விழித்துக்கொண்டு சிவப்பாக மினுக்கியது. பீப். பீப். பீப்.

"இதேதான்க்கா!" என்றாள் வாசலில் நின்ற தையல்காரம்மா.

விடாக்கண்டன் யார் என்று பூட்டக்காவுக்கு அப்போது தெரிந்தது. ஒவ்வொரு வரியையும் அவள் கண்ணால் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தாள். தட்டிக் கை வலிக்கட்டும் என்று வாயால் சொன்னாள். தரையில் அப்படியே உட்கார்ந்து, கூடப் பிறந்தவன் கிடந்த அந்தச் சுவரில் தலையை மோதிக்கொண்டாள். தையல்காரம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் மேலாளரிடம் மட்டும் சொன்னாள். "மூடினது தப்பில்லைம்மா" என்றார் அவர். "அது திறந்திருந்தா எத்தனை வீடு போயிருக்கும்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. வேணும்னா திரும்பத் திறந்து வைக்கச் சொல்லவா?"

"வேணாம் சார். அது மூடியேதான் இருக்கணும்." "ஆனா ஒவ்வொரு பெட்டியையும் நேர்ல போய்ப் பார்த்துட்டு மூடியிருக்கணும். என் அண்ணன் வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சிருக்கணும்."

"குடும்பத்துல அவர் அமுக்கலன்னுதானே நெனச்சிட்டிருக்காங்க? அப்படியே இருந்துட்டுப் போகட்டும். சொல்லி என்னம்மா ஆகப் போகுது?" வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார்.

அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அண்ணன் மகள் அப்பாவைத் திட்டிக்கொண்டே ஊருக்குப் போவாள், நாளடைவில் மறப்பாள். அத்தை அத்தை என்று இப்போதுபோலவே ஒட்டிக்கொண்டிருப்பாள். இவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. தன் வீட்டில் மாட்டியிருக்கும் ஒரே குழந்தைப் படம் அவளுடையதுதான். அந்த ஒரு உறவும் போய்விட்டால்?

சாயங்காலம் அண்ணன் வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். சுவரிலிருந்து ஸ்பேனர்களைக் கழற்றிப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள் அண்ணன் மகள்.

"எத்தனை பேரை லிப்ட்லேர்ந்து எடுத்திருப்பாரு அத்தை! உள்ள மாட்டினவங்ககிட்ட வெளிய நின்னு கத்துவாரு, 'பொத்தானை விடாதீங்க, அமுக்கிட்டே இருங்க, நான் வந்துட்டே இருக்கேன்'னு. சின்னப்ப நான்கூடப் போயிருக்கேன். ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் தனக்குன்னு வரும்போது ஒரு தடவை அமுக்கல பாருங்க. என்னை நெனச்சாவது அமுக்கியிருக்கலாம். என்னை நெனக்கவே இல்லை அவர்." ஒரு ஸ்பேனரைத் தூக்கிப் பாயில் எறிந்தாள்.

இந்தப் பெண் தன் ஆயுசு முழுக்க இப்படியே நம்பிக்கொண்டிருக்கும் என்பது அப்போதுதான் பூட்டக்காவுக்கு உறைத்தது. அப்பன் தன்னை நினைக்காமல் செத்தான் என்று.

"அமுக்கினாரும்மா" என்றாள்.

"என்ன?"

"உங்க அப்பா அமுக்கினாரு. விடாம அமுக்கினாரு. நான்தான் உள்ள விடல."

தொடங்கிவிட்டாள், பிறகு நிறுத்த முடியவில்லை. பழைய பெட்டி, பழைய சைஃபர், ஞாயிற்றுக்கிழமைப் பொய், தான் தேடிப் பார்க்காமல் விட்டது, அன்று காலை அழித்த வரி, எல்லாம் சொன்னாள். திரையில் பார்த்ததைச் சொன்னாள். திருடன் என்று நினைத்ததை, சிரித்ததை, தட்டிக் கை வலிக்கட்டும் என்றதை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. அதைக் கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று விழுங்கிவிட்டாள்.

கீழே லிப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. யாரோ ஆளை வைத்துச் சரி செய்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் அத்தை?"

"மதியம் பூரா. வெயில் இறங்கற வரைக்கும்."

"மூணு பீப் வந்தா என்ன அர்த்தம்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு பொய்யாவது மிச்சமிருந்தது. பெட்டியை மாட்டிய அன்று இதே கூடத்தில் தான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"தெரியும்" என்றாள். "நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நாங்க உள்ள விட மாட்டேங்கறோம்னு அர்த்தம்னு."

"தெரிஞ்சும் அமுக்கிட்டே இருந்தாரா?"

"ஆமா."

அண்ணன் மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பூட்டக்கா தாங்கிக்கொண்டிருப்பாள்.

"அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கல்ல அத்தை. எப்படியும் தொறந்துடுவீங்கன்னு நெனச்சிருப்பாரு."

சொல்லிவிட்டு, எறிந்த ஸ்பேனரை எட்டி எடுத்துத் துணியால் துடைத்து, மற்றவற்றோடு வைத்தாள்.